கருத்துச் சொல்லாதவர்

எங்கள் கம்பெனிக்கு இரண்டு வருஷம் திங்கட்கிழமை தவறாமல் வந்துபோன அந்த அக்காவிடமிருந்து யாராலும் ஒரு அபிப்பிராயத்தைக் கறந்துவிட முடிந்ததில்லை. "புது மெனு கார்டு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோணுது தம்பி?" என்பார். "மழை வரும்போல இருக்கே" என்றால்கூட, "வந்தா டெலிவரிய நிறுத்துங்கன்னு யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்துகொள்வார். மழை வரும், வராது என்று ஒரு வார்த்தை சொல்வதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். குடும்பமாக நடத்தும் சின்ன நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதுதான் விஷயம். யார் தலைவர் என்று பலகையில் இருக்கிறது, யார் சொன்னால் உண்மையில் நடக்கிறது, யார் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை, இதெல்லாம். இதற்கும் ஒரு படிப்பா என்று நாங்கள் முதலில் சிரித்தோம். ஐந்து நிறுவனங்களைப் பிடித்திருந்தார். அதில் நாங்களும் ஒன்று.

சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் கேட்டரிங் கம்பெனி. கல்யாணம், காதுகுத்து, ஆபிஸ் விருந்து என்று தீவு முழுக்கச் சாப்பாடு போகும். உடன்பிறந்த மூன்று பேர் நடத்துகிறார்கள். பெரியண்ணன்தான் முதலாளி. சரக்கு வாங்குவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் சின்னண்ணன். தங்கை வசந்தா அக்காவிடம் சமையலறை. நான் குடும்பத்து ஆள் இல்லை, பதினாறு வருஷம் அங்கே உழைத்து ஆப்பரேஷன்ஸ் மேனேஜர் ஆனவன். டிரைவர் உடம்பு சரியில்லை என்று எம்சி லீவு எடுத்தால் வேன் ஓட்டுவதும் ஆப்பரேஷன்ஸில் சேர்த்தி.

முதல் நாள் அவர் ஒரு ஒப்புதல் படிவத்தோடு வந்தார். நாங்கள் தனியாக அவரிடம் சொல்வது எதுவும் இன்னொருவருக்குப் போகாது என்று அதில் எழுதியிருந்தது. பெரியண்ணன் அதை மூன்று தரம் படித்துக் காட்டச் சொன்னார்.

"என் தம்பிகிட்டகூட சொல்ல மாட்டீங்களாம்மா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

"அப்ப ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரின்னு சொல்லுங்க."

அந்த அக்கா தோ பாயோவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடுகிறவர். இந்த ஒப்பீட்டுக்காவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். புன்னகைத்தார், அவ்வளவுதான். பெரியண்ணன் கையெழுத்துப் போட்டார். வரிசையாக நாங்களும் போட்டோம்.

எங்கள் கூட்டம் திங்கட்கிழமை மூன்று மணிக்கு. மதிய ஆர்டரெல்லாம் போய்ச் சேர்ந்தபிறகு, மாடி ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மடக்கு மேசை. அவர் வாசலை ஒட்டிய மூலையில் எண்ணெய் டின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தேநீர்கூட வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவருவார், எங்களுடையதைத் தொடமாட்டார். பேச்சைப் பதிவுசெய்ய ஒரு சின்ன ரெக்கார்டர் மேசைமேல் இருக்கும். அப்படியானால் நோட்டில் என்ன எழுதுகிறார்? ஒருநாள் அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன். எழுத்தே இல்லை. நாலு வட்டம், வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறிகள், அதில் பாதி அடித்துத் திருத்தல். திரும்பி வந்தவர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். கோபப்படவில்லை.

"பேசுறத மெஷின் எழுதிக்கும் தம்பி. பேசுறதுக்கு முன்னாடி யாரு யாரு முகத்த பாக்குறாங்கன்னு நான்தான் எழுதணும்."

அன்றிலிருந்து கூட்டங்களில் எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனது. இரண்டு மாதம் பருப்பு மூட்டையைப் பார்த்தே பேசினேன். என் வட்டத்திலிருந்து பருப்பு மூட்டைக்கு ஒரு அம்பு போட்டாரோ என்னவோ.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் பெரியண்ணன் எழுந்து நின்று பேசுவார். பிறகு வயது வரிசைப்படி சின்னண்ணன், வசந்தா அக்கா, கடைசியில் நான். பெரியண்ணன் பேசுவது எட்டு நிமிஷம் என்றால் நாங்கள் மூன்று பேரும் பேசுவது அரை நிமிஷம். "அண்ணன் சொன்னா சரி." "சரிதாண்ணே." "ஓகே லா." முடிந்தது கூட்டம். சொத்துக்காக அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போன குடும்பங்களை எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறோம். அதனால் இதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை. "இத்தன வருஷத்துல இந்த ரூம்ல ஒரு சண்ட கூட வந்ததில்லக்கா" என்று ஒருமுறை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் சுபாவத்திலேயே வாயில்லாப் பூச்சி என்றுதான் ரொம்ப நாள் எண்ணம். ஒரு சனிக்கிழமை அந்த எண்ணம் போனது. அவருடைய கோவிலில் உணவுச் சந்தை. யாரோ எங்களிடம் பிரியாணி ஆர்டர் கொடுத்திருந்தார்கள். வேனோடு போய் இறங்கினால், ஏப்ரனும் கையில் ஒலிபெருக்கியுமாக நடுவில் நிற்கிறார் நம் ஆய்வாளர்.

"அந்த மேசைய அங்க போடாதீங்க, வெயில் அடிக்கும். அந்தோணி, கூப்பன் கொடுக்கிற இடத்துல சாப்பாட்ட வச்சா எப்படி கூட்டம் நகரும்? சிஸ்டர், இந்த எழுத்து சின்னதா இருக்கு, யாருக்கும் தெரியாது, மாத்துங்க."

ஐந்து நிமிஷத்தில் இருபது அபிப்பிராயம். என் வேன் நிறுத்திய இடத்தைப் பற்றியும் ஒன்று வரப்போனது. ஆள் யாரென்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். "நீங்க... எங்க நிறுத்தலாம்னு நினைக்கிறீங்க தம்பி?" என்றார். அவர் கணவர் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்ல தலையணை உறை வரைக்கும் இவங்க முடிவுதான் தம்பி. திங்கக்கிழமை உங்ககிட்ட அடக்கினதுக்கெல்லாம் செவ்வாக்கிழமை நான் வாங்கிக்கட்டிக்கிறேன்."

அப்போதுதான் அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது. பாவம், எங்கள் ஸ்டோர் ரூமில் அந்த மூலையில் உட்கார்ந்து என்னென்ன சகித்துக்கொண்டிருந்தாரோ.

ஏன் இப்படி என்று வசந்தா அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். வசந்தா அக்காவுக்குப் பொறுமை கிடையாது. "என்னம்மா இது, சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு. நாங்க செய்றது நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் ஆஸ்பத்திரி நிர்வாகத்துல பதினெட்டு வருஷம் இருந்தேன் அக்கா. எல்லாத்துக்கும் கருத்து சொல்லிட்டே இருந்தேன். ஆனா யாரும் ஏன் கேக்கலங்கிறது மட்டும் கடைசி வரைக்கும் புரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் நாப்பத்தெட்டு வயசுல படிக்க வந்தேன். வெளியாள் யாரும் சொல்லாம நீங்களா எப்படி முடிவெடுக்கிறீங்கங்கிறதுதான் என் கேள்வியே. நான் ஒண்ணு சொல்லி அத நீங்க கேட்டுட்டீங்கன்னா, அதுக்கப்புறம் இது நான் நுழைஞ்ச கம்பெனி. ஆய்வுல எழுத முடியாது, மொத்தமா எடுத்துடணும்."

"மொத்தமாவா?"

"மொத்தமா. உங்க கம்பெனிக்குத்தான் பெரிய அத்தியாயம் வச்சிருக்கேன். அதான் பிளாஸ்க்கோட வர்றேன்."

ஆய்வை முடிக்க இன்னும் நாலு மாதம் இருக்கும்போது புக்கிட் பாஞ்சாங் விவகாரம் வந்தது.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். சின்னண்ணன் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு புக்கிட் பாஞ்சாங் போய்விட்டு வந்து, "அங்க ஒரு பெரிய சமையல்கூடம் காலியா கிடக்குண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை பெரியண்ணன் எழுந்து நின்று, அங்கே இரண்டாவது சமையல்கூடம் திறக்கப்போவதாக அறிவித்தார். தீவின் அந்தப் பக்கம் முழுக்க நம் சாப்பாடு போகும், நான் அங்கே பொறுப்பாளர், வாரத்தில் மூன்று நாள் வசந்தா அக்காவும் அங்கே. "அண்ணன் சொன்னா சரி." "சரிதாண்ணே." "ஓகே லா." இடத்தைப் பார்த்தோம், அளந்தோம், வங்கியில் பேசினோம். ஐந்து வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டால் பின்வாங்க வழி கிடையாது. சேமிப்பு மொத்தமும் அதில் போய்விடும்.

கையெழுத்துக்கு முந்தின வாரம் அந்த அக்கா எங்கள் நாலு பேரையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார். என் முறை கடைசி. புக்கிட் பாஞ்சாங் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டார். வெளியே போகாது என்ற தைரியத்தில் கொட்டிவிட்டேன். என் வீடு தெம்பனிஸில், தினமும் விடியுமுன் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. இருக்கிற ஆட்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டு இடமும் படுத்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"சொல்ற எண்ணம் இருக்கா?"

"எப்படிக்கா சொல்றது? பெரியண்ணனுக்கு அவ்ளோ ஆச. சின்னண்ணன்தான் இடமே கண்டுபிடிச்சாரு. வசந்தாக்காவும் சரின்னுட்டாங்க. நடுவுல நான் யாரு, ஆசையா இருக்கிறவங்க வாயில மண்ணப் போட?"

அவர் பேனா நின்றது. என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிளாஸ்க்கைத் திறந்து மூடினார். பிறகு "ஒரு நிமிஷம் தம்பி" என்று எழுந்துபோய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வயிற்றுவலி என்று நினைத்து, ஓமவாட்டர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்குக் கட்டட ஏஜெண்ட் வருவதாக இருந்தது. மூன்று மணிக்குக் கூட்டம், நாங்கள் ஒருமுறை முறைப்படி ஒத்துக்கொண்டதும் கையெழுத்து. ஒப்பந்தம் மேசைமேல் இருந்தது. வசந்தா அக்கா அதன்மேல் ஒரு கொத்து மல்லிகைப்பூவை வைத்திருந்தார். அந்த அக்கா வந்து மூலையில் உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவில்லை. முகம் தூங்காத முகமாக இருந்தது.

பெரியண்ணன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணே."

மூலையிலிருந்து வந்த குரல் யாருடையது என்று புரியவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு வருஷத்தில் கூட்டம் நடக்கும்போது அவர் பேசியதே இல்லை. சின்னண்ணன் கையிலிருந்த கோப்பி வேட்டியில் கொட்டியது.

அவர் எழுந்து நின்றிருந்தார். ரெக்கார்டர் பக்கம் ஒரு பார்வை போனது. பிறகு தெளிவாகவே சொன்னார். "அண்ணே, இன்னைக்கு மட்டும் நீங்க கடைசியா பேசுறீங்களா? வயசுல சின்னவங்க முதல்ல ஆரம்பிக்கட்டும்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நாங்கள் தனியாகச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவர் வெளியே விடவில்லை. பெரியண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் இத்தனை நாள் ஒன்றுமே கேட்காத பொம்பளை ஏதோ கேட்கிறாரே என்று உட்கார்ந்துவிட்டார். "சரி, நீ சொல்லுப்பா" என்று என்னைப் பார்த்தார்.

பதினாறு வருஷமாக எனக்கு முன்னால் மூன்று பேர் சரி சொல்லியிருப்பார்கள், நான் கடைசியில் ஒட்டிக்கொள்வேன். இன்றைக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. பருப்பு மூட்டையைப் பார்த்தேன். மூலையைப் பார்த்தேன். அந்த அக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. எனக்கு அங்க போக விருப்பமில்ல. அந்த இடமே நமக்கு வேணாம்னு தோணுது."

வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"எனக்கும்தான் வேணாம்" என்றார் வசந்தா அக்கா. "ரெண்டு எடத்துல நான் எப்படி நிப்பேன்? முட்டி வலி உயிர் போகுது. அண்ணன்மாருங்க ஆசப்படுறீங்களேன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்."

சின்னண்ணன் வேட்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நான் எங்க ஆசப்பட்டேன்? எடம் காலியா கிடக்குன்னுதான சொன்னேன். வானம் நீலமா இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னேன். அண்ணன்தான் உடனே..."

எல்லோரும் பெரியண்ணனைப் பார்த்தோம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"டேய், எனக்கு அறுபத்து நாலு வயசு. அடுத்த வருஷம் கொஞ்சம் ஓய்வா இருக்கலாம்னு பாத்தேன். நீ அவ்ளோ தூரம் போயி எடம் பாத்துட்டு வந்து சொல்றியே, உனக்கு ஒரு ஆச, நான் இருக்கும்போதே செஞ்சு கொடுத்துடணும்னு..." நிறுத்தினார். "அப்ப இந்த எடம் யாருக்குடா வேணும்?"

முதலில் சிரித்தது வசந்தா அக்கா. பிறகு சின்னண்ணன். பெரியண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணைத் துடைத்தபடியே தம்பியின் தோளில் கையைப் போட்டார். கீழே ஏஜெண்ட் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான்தான் இறங்கிப்போய், மன்னிப்புக் கேட்டு, இரண்டு பொட்டலம் பிரியாணியும் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி மேலே வந்தால் ஸ்டோர் ரூமில் ஒரே குரல்தான் கேட்கிறது.

"ரெண்டு வருஷமா சொல்லணும்னு இருந்தேண்ணே. எண்ணெ டின்ன வாசல் பக்கம் வைக்காதீங்க, யாராச்சும் வழுக்கி விழுவாங்க. கம்பெனி போர்டுல போன் நம்பர் பழசு. வசந்தாக்கா, உங்க சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி, வாசனையே சொல்லுது. மெனு கார்டு கண்றாவி. தம்பி, நீங்க அந்த வேன எப்பவும் சாஞ்சே நிறுத்துறீங்க."

கோவில் சந்தையில் பார்த்த அதே ஆள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல், பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. எங்கள் தேநீரை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். சந்தோஷ அமளியில் ஒரு விஷயம் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் இனி எங்களிடம் அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. ரெக்கார்டரையும் நோட்டையும் பையில் போட்டு, எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை.

நாலு மாதத்தில் வரவேண்டிய ஆய்வு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வந்தது. தடியான புத்தகமாக ஒரு பிரதியை அவரே கொண்டுவந்து கல்லாவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. பெரியண்ணன் அதை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படித்தார். மனுஷனுக்கு ஆங்கிலம் ஓரளவுதான், பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு தேடினார். நிறுவனங்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுவார்கள் என்று தெரியும். ஆனாலும் சாப்பாட்டுக் கடை என்று ஒன்றாவது இருக்க வேண்டுமே. மரச்சாமான் கடை இருந்தது, அச்சகம் இருந்தது, லாரி கம்பெனி இருந்தது, துணிக்கடை இருந்தது. நாங்கள் இல்லை. ஆய்வு முறையை விளக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. ஐந்தாவது நிறுவனத்தின் முடிவு ஒன்றில் ஆய்வாளர் குறுக்கிட்டுவிட்டதால், அந்த நிறுவனம் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

பெரியண்ணன் என் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னம்மா இது? ரெண்டு வருஷம் வந்தீங்க, பெரிய அத்தியாயம்னு சொன்னீங்க. நாங்க எங்கம்மா?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "நான் நுழைஞ்சிட்டேன்லண்ணே. அதான் எடுத்துட்டேன்."

"ஒரே ஒரு வார்த்ததானம்மா கேட்டீங்க. அத கேக்காம விட்டிருந்தா நம்மள பத்தி எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்ணே" என்றார் அவர். "நீங்களும் இந்நேரம் புக்கிட் பாஞ்சாங்ல இருந்திருப்பீங்க."

பெரியண்ணன் "நல்லா இருங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அந்தப் புத்தகம் இப்போது கடையின் முன்பக்கம், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. காய்கறிக்காரர், காஸ் கொண்டுவருகிறவர், கல்யாண ஆர்டர் கொடுக்க வரும் சம்பந்திகள், யார் வந்தாலும் பெரியண்ணன் அதை எடுத்து, பென்சிலால் கோடு போட்ட அந்த ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டுவார். முகமெல்லாம் பெருமையாக இருக்கும்.

"பாத்தீங்களா, யுனிவர்சிட்டி புத்தகம். இதுலேருந்து எங்கள நீக்கியிருக்காங்க."